பிரமு பாக்காத டெல்லி

எடுத்துக்கோ தாயி, கூச்சப்படாத. ரயிலு ஊரு போயிச் சேர ரெண்டு நாளாவும், புளியோதரை மூணு நாளைக்குத் தாங்கும். துவையலுக்குத் தேங்காய நல்லா வறுத்து அரச்சிருக்கா என் சிநேகிதி, அதுவும் கெடாது. நீ என்ன, இந்த எலும்பும் தோலுமா இருக்க? பரீட்சை எழுத வந்தியா? சாப்பிடாம எழுதினா என்ன தெரியும்? இன்னும் ஒரு கை போட்டுக்கோ.

என்ன கேட்ட, டெல்லியில என்னல்லாம் பாத்தேன்னா? நல்ல கேள்வி கேட்ட போ. நான் டெல்லிக்கு வந்தது இதோட முப்பத்தொம்பது தடவ. சிரிக்காத, நெசமாத்தான். எங்க அம்பாசமுத்திரத்துல போயி ஆவுடையம்மா வீடு எதுன்னு கேட்டுப் பாரு. எந்த ஆவுடை, டெல்லி ஆவுடையான்னு திருப்பிக் கேப்பாவ.

யாத்திரை பஸ் விடுதாவல்லா, காசி, கயா, மதுரா, டெல்லின்னு இருபது நாளைக்கு? அதுல நான்தான் சமையல். வருஷத்துக்கு ரெண்டு தடவ, பத்தொம்பது வருஷம். அம்பத்திநாலு பேருக்கு மூணு வேளையும் ஆக்கிப் போடணும். பஸ்ஸு நின்னதும் எல்லாரும் எறங்கி உள்ள பாக்கப் போயிருவாவ. நான் வண்டி நிக்கிற எடத்துலயே அடுப்ப மூட்டிருவேன். ரெண்டு மணி நேரத்துல அம்பத்திநாலு பேரும் பசி பசின்னு வருவாவ, வந்ததும் தட்டப் போட்டாகணும்.

அப்ப நீ எப்ப உள்ள போயிப் பாத்தேன்னு கேக்கப்போற. அதத்தான் சொல்ல வாரேன், அவசரப்படாத.

முத தடவ போயிட்டு ஊருக்குத் திரும்புதேன், தெருவே எங்க வீட்டு முத்தத்துல உக்காந்திருக்கு. டெல்லி எப்படியிருக்கு, கோட்டை எப்படியிருக்குன்னு ஆளாளுக்குக் கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல? ஒரு பொட்டல்ல ரெண்டு பைப்பு இருக்கு, எடது பக்கத்துப் பைப்புல தண்ணி நல்லாயிருக்கும்னு சொல்லவா? அதனால கூட வந்தவுக சாப்பிடும்போது பேசிக்கிட்டத எல்லாம் கோத்து எடுத்துவிட்டேன். சோறு போடுதவளுக்குக் காது இருக்குல்லா. ஒருத்தர் செவப்புக் கல்லுன்னாரு, ஒருத்தி வெள்ளச் சலவைக்கல்லுன்னா, நான் ரெண்டையும் சேத்துக்கிட்டேன். பிச்சுமணி சார்னு ஒரு ஹெட்மாஸ்டர். ரெண்டாந்தடவ சாம்பார் வாங்கிக்கிட்டே சொன்னாரு, "ஆவுடை, குதுப்மினார் உச்சி வரைக்கும் ஏறிட்டேன். முன்னூத்திச் சொச்சம் படி. ஏரோப்ளேன் நமக்குக் கீழ போவுது." எனக்கு அந்த ஏரோப்ளேன் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஊருக்கு வந்து, ஏறினது நான்தான்னு சொல்லிட்டேன். பைலட்டு என்னப் பாத்துக் கையக் காட்டினாருன்னு என் பங்குக்குக் கொஞ்சம் சேத்துக்கிட்டேன்.

அது ஊருக்குச் சொன்னது. அதப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல. ஊருக்குக் கத வேணும், நான் குடுத்தேன். பிரமுகிட்ட சொன்னதுதான் வெனையாப் போச்சு.

பிரமு யாருன்னு சொல்லலையே. எனக்கும் அவளுக்கும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரே பெஞ்சி. ஒரு எலந்தவடைய வாங்கினா ரெண்டாப் பிச்சுத்தான் திம்போம். கல்யாணம் ஆயி டெல்லிக்குப் போயிட்டா, மாப்பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம். முப்பது வருஷம் ஆச்சு. அவ போன அன்னைக்கு நான் ரயில்வே ஸ்டேஷன்ல அழுத அழுகையப் பாத்து, கட்டிக்குடுத்தது என்னத்தான்னு நெனச்சு நாலு பேரு எனக்கு ஆறுதல் சொன்னாவ.

எங்க பஸ்ஸு டெல்லிக்கு வரும்போதெல்லாம் அவ வந்துருவா, கேட்டியா. எந்த எடத்துல எத்தன மணிக்கு நிக்கும்னு முன்னாலேயே கேட்டு வச்சுக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி வருவா. வந்ததும் ஒரு அண்டாவக் கவுத்திப் போட்டு உக்காந்து, அருவாமணைய இழுத்துக்கிடுவா. கத்திரிக்காய நறுக்கிக்கிட்டே பேச்சு, பேச்சு, அப்படியொரு பேச்சு. மாமியார் கத, மழை கத, யாரு செத்தா, யாருக்குப் புள்ள பொறந்துச்சு, எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துல பேசி முடிக்கணும்.

முத தடவயே சொன்னா. "ஏட்டி ஆவுடை, அடுப்ப நான் பாத்துக்கிடுதேன். நீ ஓடிப்போயி உள்ள ஒரு நடை பாத்துட்டு வா." நான் சொல்லிட்டேன், "போட்டி, எல்லாம் காலையிலேயே பாத்தாச்சு." பொய். ஏன் சொன்னேன்? நீயே சொல்லு தாயி. வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஒவ்வொரு மணி நேரம்தான் அவளப் பாக்கேன். அந்த நேரத்துல நான் கோட்டையப் பாக்கவா, அவளப் பாக்கவா? அத வாயத் தொறந்து சொல்லக் கூச்சமா இருந்துச்சு. எங்க காலத்துல அப்படியெல்லாம் யாரு சொன்னா? பாத்தாச்சுன்னுட்டேன். ஒரு தடவ சொன்னா பெறகு அதையேதான சொல்லணும். முப்பத்தெட்டு தடவயும் சொன்னேன்.

போன ஆடியோட கரண்டியக் கீழ வச்சிட்டேன். மணிக்கட்டு சொன்னபடி கேக்கல. அன்னையில இருந்து பிரமு போன்ல ஒரே நச்சரிப்பு. இனிமே விருந்தாளியா வா, சும்மா வா, ஊரச் சுத்திக் காட்டுதேன்னு. நான் அசையல. என்னத்தக் காட்டப்போற, நான் பாக்காத டெல்லியான்னு வீம்பு பேசுதேன். ஆறு மாசம் கூப்பிட்டுப் பாத்துட்டு, ஒரு நாள் வேற மாதிரி ஆரம்பிச்சா. "ஏட்டி, உன்கிட்ட சொல்லதுக்கென்ன? முப்பது வருஷமா இந்த ஊர்ல குப்ப கொட்டுதேன், செங்கோட்டை வாசலைக்கூட மிதிச்சதில்ல. நீ எல்லாம் பாத்தவல்லா. நீ வந்து எனக்குக் காட்டு"ன்னா. எனக்கு அப்படியொரு பெருமை. இந்தா வாரேன்னுட்டேன்.

போன வச்ச பெறகுதான் ஒறச்சிச்சு. நான் என்னத்தக் காட்ட? ஊரு முழுக்க என்னப் புளுகின்னு சொன்னாலும் போகட்டும்னு தொடச்சுப் போட்டுருவேன். பிரமு மூஞ்சியில முழிக்கணும்லா. பத்தொம்பது வருஷமா அவ கண்ணப் பாத்துச் சொன்ன பொய்யி. அது தெரிஞ்சுபோனா அவ என்ன நெனைப்பா? இவ நம்மகிட்டயே இப்படின்னா, மத்ததெல்லாமும் பொய்தானோன்னு நெனைக்க மாட்டாளா? ரயிலேறினதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

ஸ்டேஷனுக்கே வந்துட்டா. கட்டிப் பிடிச்சு, "ஏ மூதி, எளச்சுப் போயிட்டியே"ன்னா. நான் எளைக்கிறதாவது! வீடு மூணாவது மாடி, நல்ல வெளிச்சம். சுவத்துல ரெண்டு படம் மாட்டியிருந்த தடம் மட்டும் இருக்கு, படத்தக் காணும். எங்கட்டின்னேன். கண்ணாடி உடஞ்சு கடையில கெடக்குன்னா. ரெண்டு கண்ணாடியும் ஒண்ணா உடஞ்சிருக்கு பாரு, வடக்க சாமான் ஒண்ணும் தரமில்ல.

மறுநாள் செங்கோட்டை. நான் என்ன பண்ணுனேன், மொதல்ல எனக்குத் தெரிஞ்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க பஸ்ஸு நிக்கிற எடம். "இங்ஙனதான்ட்டி பெரிய மழையில பஸ்ஸுக்கு அடியில ஒதுங்கிக் கூட்டாஞ்சோறு பொங்கினேன். மூணு மணிக்கு மேல நெழலு இந்தப் பக்கம் திரும்பும். காத்து அந்த மூலையில இருந்து வரும், அடுப்ப இப்படித் திருப்பி வைக்கணும்." அரை மணி நேரம் சொன்னேன். அவ முந்தானையால கழுத்தத் தொடச்சுக்கிட்டு அவ்வளவையும் கேட்டா. "எனக்குத் தெரியாதா, நான்தான வெண்டைக்காய் நறுக்கினேன்"னா. அதுவும் சரிதான்.

பெறகு உள்ள போகணும்லா. எனக்குக் கோட்டைக்கு வாசல் எந்தப் பக்கம்னே தெரியாது. நான் தெரிஞ்ச மாதிரி விறுவிறுன்னு ஒரு பக்கம் நடக்கேன். பிரமு மெதுவாக் கைய நீட்டி, "அந்தப் பக்கம் கூட்டம் போவுதே, அப்படிப் போவோமா"ன்னா. போனா டிக்கெட் குடுக்கிற எடம். பொம்பளைகளுக்குத் தனி வரிசையும் அவ கண்ணுலதான் மொதல்ல பட்டுச்சு. அவளுக்கு ஒரு அதிர்ஷ்டம், கேட்டியா. அன்னைக்குப் பூரா அவ குருட்டாம்போக்குல எந்தப் பக்கம் கையக் காட்டினாலும் அந்தப் பக்கம்தான் வழி. பையில குடை, தண்ணி, ஆரஞ்சுமிட்டாய், கால் வலிச்சாத் தடவ தைலம், எல்லாம் எடுத்து வச்சிருக்கா. உள்ள நெழலே கெடையாதுன்னு யாரோ சொன்னாவளாம்.

கோட்டைன்னா கோட்டை, தாயி. எம்மாடி! ராசா உக்காந்த மண்டபம், ராசாவோட குளியலறை, தண்ணி ஓடுத வாய்க்கா, எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கான். நான் ஒவ்வொரு கட்டடமா எட்டிப் பாக்கேன், சமையல்கட்டு எங்கன்னு. கண்ணுல படவே இல்ல. இத்தனை பேரு இருந்த எடத்துல யாரு பொங்கினா, எங்க பொங்கினா, புகை எப்படிப் போச்சு? அத ஒரு பலகையில எழுதினா என்ன? பிரமுவ விட்டு அங்ஙன நின்ன ஒருத்தர்கிட்ட இந்தியில கேக்கச் சொன்னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம்.

அன்னைக்கு எப்படியோ தப்பிச்சிட்டேன். பிரமு ஒவ்வொரு தூணா நின்னு, "அம்மாடி, எவ்வளவு பெருசு!"ன்னு வாயப் பொளந்து பாக்கா. நானும் பழகின ஆளு மாதிரி, "இது என்ன, உள்ள வா, இன்னும் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே அவ பின்னால போயிட்டேன்.

மறுநாள் குதுப்மினார். அங்ஙனதான் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிச்சு.

பஸ்ஸு நிக்கிற எடத்துல இருந்து பாத்தா மரத்துக்கு மேல அதோட தல மட்டும் தெரியும், ரைஸ்மில்லுப் புகைக்கூண்டு மாதிரி. பத்தொம்பது வருஷமா நான் தலைய மட்டும்தான் பாத்திருக்கேன். உள்ள நொழஞ்சு அது முழுசாக் கண்ணுல விழுந்துச்சு பாரு, நான் நடந்த எடத்துலயே நின்னுட்டேன். அடியில இருந்து நுனி வரைக்கும் என்னமாச் செதுக்கியிருக்கான்! நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தப்ப எல்லாம் இது இங்ஙனயேவா நின்னுச்சுன்னு நெனச்சேன், கண்ணு நெறஞ்சுட்டு. அழுதா முத தடவ பாக்கான்னு பிரமுக்குத் தெரிஞ்சிரும்லா. அதனால சத்தமாப் பேச ஆரம்பிச்சேன். "வாட்டி, ஏறுவோம். முன்னூத்திச் சொச்சம் படி. மேல நின்னா ஏரோப்ளேன் நமக்குக் கீழ போவும்"னு அவ கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறேன். போனா, கதவுல பூட்டு.

அங்ஙன ஒரு காவக்காரர் நின்னாரு. பிரமுவப் பாத்ததும் சிரிச்சு, தலைய ஆட்டி, சொந்தக்காரவுகள விசாரிக்கிற மாதிரி இந்தியில என்னமோ கேட்டாரு. தெரிஞ்சவரான்னேன். "இல்லட்டி, இந்த ஊர்ல வயசான பொம்பளைன்னா எல்லாரும் இப்படித்தான் மரியாதையாப் பேசுவாவ"ன்னா. நல்ல ஊருதான். "நாங்க ஏறணும், தெறக்கச் சொல்லு"ன்னேன். அவ, "வேண்டாம்ட்டி, எனக்கு முழங்கால் வலிக்கி"ன்னு நழுவுதா. நான் விட்டேனா? நானே சைகை காட்டுதேன், மேல, மேலன்னு. அவரு கைய விரிச்சிட்டாரு. பக்கத்துல ஒரு தமிழ்க் குடும்பம், சேலத்துப் பக்கம் போல. அந்த வீட்டுக்காரர் வந்து, "அம்மா, இதுல நாப்பது வருஷத்துக்கு மேல யாரையும் ஏத்தறதில்லைங்க"ன்னாரு.

நாப்பது வருஷம்! நான் வர ஆரம்பிச்சதே பத்தொம்பது வருஷமாத்தான். அப்ப பிச்சுமணி சார் எங்க ஏறினாரு? புள்ளைகளுக்கெல்லாம் உண்மையே பேசுன்னு சொல்லிக்குடுத்த மனுசன், என் சாம்பாரையும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டுட்டு, இப்படி என் தலையில கட்டிட்டாரே.

உடனே ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காத. "அது வந்து, எனக்கு மட்டும் ஸ்பெஷலாத் தெறந்து விட்டாவட்டி"ன்னேன். பிரமு ஒரு கிண்டல் பண்ணியிருந்தா நானும் மல்லுக்கு நின்னிருப்பேன். அவ "அப்படியா"ன்னு மட்டும் கேட்டா. கேட்டுட்டு, தண்ணி பாட்டில் மூடியத் தெறந்து என்கிட்ட நீட்டுதா. எனக்குத் தாங்கல தாயி. அங்ஙனயே புல்லுல உக்காந்துட்டேன். "ஏட்டி பிரமு, நான் ஒண்ணையும் பாக்கல. கோட்டையும் பாக்கல, இதையும் பாக்கல, முப்பத்தெட்டு தடவயும் சோறுதான் பொங்கினேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்"னு அழுதேன். அந்தச் சேலத்துக்காரர் குடும்பம் பயந்து தள்ளிப் போயிட்டு.

பிரமுவும் பக்கத்துல உக்காந்தா. "பாத்தேன்னு ஏன்ட்டி சொன்ன"ன்னா. "நான் உள்ள போயிட்டா உன்கூட இருக்க முடியாதேன்னுதான் சொன்னேன்"னு சொல்லிட்டேன். சொல்லியாச்சு, இனிமே என்ன? அவ மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டா. பெறகு, "போட்டி கோட்டிக்காரி. நானும்தான் ஒண்ணையும் பாக்கல. நீ எல்லாம் பாத்தவன்னு எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம், எந்திரி"ன்னா.

எனக்கு நெஞ்சுல இருந்து அம்மிக்கல்ல எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குப் பெறகு பாக்கணுமே எங்க ஆட்டத்த! ரெண்டு பட்டிக்காட்டுப் பொம்பளைக. அந்த இரும்புத் தூணு எங்கன்னு நான் தேடுதேன், அவ "இப்படிப் போயித்தான் பாப்போமே"ன்னா, நேரா அதுக்கு முன்னால நிக்கோம். அதிர்ஷ்டம்னா அப்படி. போட்டோ பிடிக்கிறவன்கிட்ட அந்தக் கோபுரத்த ரெண்டு வெரலால புடிச்சிருக்க மாதிரி எடுத்துக்கிட்டோம். இந்தா பாரு. என் வெரலு கொஞ்சம் விலகிட்டு, கோபுரம் அந்தரத்துல நிக்கி.

மூணாம் நாள் தாமரைக் கோவிலு. உள்ள பேசக்கூடாதாம். என்னைய ஒரு எடத்துல பேசக்கூடாதுன்னா நான் எங்க போவேன்? பிரமு என் தொடையில கிள்ளி வச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. வெளியில வந்து, உள்ள பேசாம வச்சிருந்தத எல்லாம் சேத்துப் பேசி முடிக்கப் பொழுது அடஞ்சிட்டு. அந்த மூணு நாளு மாதிரி நான் இத்தன வயசுக்குச் சிரிச்சதில்ல.

கடவுள் புண்ணியம், அவளும் பாக்காம இருந்தா. அவ மட்டும் எல்லாம் பாத்தவளா இருந்திருந்தா நான் கூசிச் செத்திருப்பேன். ஒரு பக்கம் அவள நெனச்சாப் பாவமாவும் இருக்கு. முப்பது வருஷம் ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு இப்படியா ஒருத்தி அடுப்படியே கதின்னு கெடப்பா? நானாவது சோலிக்குன்னு வந்தவ.

என்ன கேக்க? ஊர்ல இருந்து அவ வீட்டுக்கு யாரும் போறதில்லையான்னா? போவாம? டெல்லியில ஒரு வீடு இருக்குன்னா நம்ம ஆளுக விடுவாவளா? அவ கொழுந்தன் குடும்பத்தோட போனான். அவ மதினி ரெண்டு தடவ போனா. எங்க எதுத்த வீட்டுக் காந்திமதி மக வேலைக்குப் பரீட்சை எழுதப் போயி பத்து நாளு இருந்தா. வந்து வாயாரச் சொன்னாளே, பிரமு சித்தி மாதிரி உண்டுமா, அலையா அலஞ்சு எல்லா எடத்தையும் கூட்டிட்டுப் போயிக் காட்டினாவ, கோட்டையில படம் எடுத்தோம், குதுப்மினாருல...

இரு.

இரு தாயி. அந்தத் தண்ணிய இப்படிக் குடு.

அடி சண்டாளி! எத்தன தடவ போயிருப்பா அங்ஙன? அந்தக் காவக்காரரு பின்ன சும்மாவா சிரிச்சாரு? ஒவ்வொரு தூணுக்கும் கழுத்த நீட்டி நீட்டி, அம்மாடி ஆத்தாடின்னு... என்ன நடிப்பு! நான் ஏரோப்ளேனு, பைலட்டுன்னு புளுகினது எல்லாம் அவ முன்னால என்ன பெறும்? காட்டுதேன்னு கூப்பிட்டா நான் வரமாட்டேன், காட்டுன்னு கேட்டாத்தான் வருவேன்னு தெரிஞ்சு வச்சிருக்கா, மூதி. அப்படின்னா நான் பாக்கலன்னும் அவளுக்கு முன்னாலேயே தெரியும். அந்த அண்டாவுல உக்காந்து கத்திரிக்காய் நறுக்கும்போதே தெரிஞ்சிருக்கும். நீ ஏன் சிரிக்க? நீயும் கண்டுபிடிச்சிட்டுத்தான் கேட்டியா? படிச்ச புள்ளைகள நம்பவே கூடாது.

போன் அடிக்கி. அவதான், வேற யாரு? இரு, இன்னைக்கு இருக்கு அவளுக்கு. நல்லாக் கேக்கேன் பாரு நாலு வார்த்தை.

அலோ! ஏட்டி பிரமு...

ம். சாப்பிட்டேன். துவையலும் நல்லாத்தான் இருக்கு. இங்ஙன ஒரு புள்ள இருக்கா, அவளுக்கும் குடுத்தேன்.

ஒண்ணுமில்லட்டி, தொண்டை கட்டிக்கிட்டு. ரயில் காத்து.

என்னது? மாசியிலயா? ஆக்ராவுக்கா?

நீ தாஜ்மகாலும் பாத்ததில்லையா?

...

சரிட்டி. வாரேன். கண்டிப்பா வாரேன். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வழி கேட்டுக் கேட்டுப் போயிருவோம்.